கிராஃப்ட் பீர் பிரியருக்கு என்ன பரிசு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். வீட்டிலேயே பீர் காய்ச்சும் பழக்கம் உள்ளவன். அதனால் நவம்பர் பிறந்தால் போதும், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரே விதமான சந்தேகங்கள் என்னிடம் வந்து சேரும். கேட்பவர்களில் பலர் பீரைத் தொடாதவர்கள். கணவருக்கோ, அண்ணனுக்கோ, மேலதிகாரிக்கோ, அமெரிக்கச் சம்பந்திக்கோ பரிசு தேடுபவர்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வாக்கியங்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கடைகளில் "பீர் பிரியருக்கு" என்று எழுதி விற்கப்படும் பொருள்களில் பெரும்பகுதி பீரைத் தொடுவதே இல்லை. பீரின் குளிர்ச்சி, நுரை, மணம், பழசாகாத புதுத்தன்மை ஆகியவற்றில் ஒன்றையாவது காப்பாற்றும் அல்லது கூட்டும் பொருளையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதையொட்டியே அமைந்திருக்கின்றன.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன? சாதாரண பீருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்காவின் புரூவர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பு இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. பீர் காய்ச்சும் ஆலை ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மிகாமல் உற்பத்தி செய்ய வேண்டும். அந்த ஆலையில், தானே கிராஃப்ட் ஆலையாக இல்லாத மதுபான நிறுவனத்தின் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பேரல் என்பது ஏறத்தாழ 117 லிட்டர்.

பரிசு வாங்குபவருக்கு இந்த வரையறையைவிட முக்கியமானது பீர் வகைகளின் பெருக்கம். ஹாப்ஸ் பூக்களின் மணமும் கசப்பும் மேலோங்கிய ஐபிஏ, காப்பி நிறத்தில் வறுத்த மணம் கொண்ட ஸ்டௌட், கோதுமை சேர்த்த ஜெர்மானிய வைட்சன், புளிப்பான பெல்ஜிய லாம்பிக் என ஒவ்வொன்றுக்கும் பரிமாறும் வெப்பநிலை வேறு, கோப்பை வேறு, ஆயுள் வேறு. "பீர் பிரியர்" என்ற ஒரே பெயரில் எல்லாரையும் அடக்கிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

எனக்கு பீரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவரிடம் கேட்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

குளிர்பதனப் பெட்டியையும், காலிக் கேன்கள் சேரும் மறுசுழற்சித் தொட்டியையும் பாருங்கள். உயரமான 16 அவுன்ஸ் கேன்கள் நிறைந்திருந்தால் அவர் பெரும்பாலும் ஐபிஏ பிரியர். மெழுகு பூசிய கழுத்துள்ள பெரிய பாட்டில்கள் அலமாரியில் நின்றால், சேமித்து வைத்துக் குடிக்கும் வகைகளில் அவருக்கு ஆர்வம் இருக்கிறது. ஒரே ஆலையின் பெயர் மீண்டும் மீண்டும் தென்பட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, அவர் எதில் ஊற்றிக் குடிக்கிறார் என்று கவனியுங்கள். கேனிலிருந்தே குடிப்பவருக்கும், கோப்பையை ஒளியில் தூக்கி நிறம் பார்ப்பவருக்கும் ஒரே பரிசு பொருந்தாது.

எல்லாரும் கோப்பைதான் கொடுக்கிறார்கள். நானும் கோப்பையே கொடுத்தால் சலிப்பாக இருக்காதா?

வாசகம் அச்சிட்ட கோப்பையென்றால் சலிப்புதான். பீருக்கென்று வடிவமைத்த கோப்பை அப்படியல்ல. ஒரே ஒரு பரிசைச் சொல்லச் சொன்னால் நான் அதையே சொல்வேன். அமெரிக்க மதுக்கூடங்களில் தரப்படும் நேர்ச்சுவர்க் கூம்புக் கோப்பை, காக்டெயில் குலுக்கப் பயன்பட்ட பாத்திரம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வசதியாக இருந்ததால் நிலைத்துவிட்டது. அது வாய்ப்பகுதியில் விரிந்திருப்பதால் மணம் தங்காமல் கலைந்துவிடுகிறது.

எல்லா வகைகளுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் டேக்கு கோப்பையைப் பாருங்கள். இத்தாலியின் பாலடின் ஆலையைத் தொடங்கிய டேயோ மூசோவும், குவாஸ்கா என்று அறியப்படும் சுவைஞர் லொரென்சோ தபோவேயும் சேர்ந்து வடிவமைத்தது. ஜெர்மனியின் ராஸ்டல் நிறுவனம் தயாரிக்கிறது. தண்டுள்ள, கோணங்கள் கொண்ட உடல். மேலே குறுகிச் சென்று விளிம்பில் மட்டும் வெளிப்புறமாக மடிகிறது. குறுகிய பகுதி மணத்தைச் சேர்த்துவைக்கிறது, விரிந்த விளிம்பு பீரை நாவில் பரவவிடுகிறது, தண்டு இருப்பதால் கைச்சூடு பீரைச் சேர்வதில்லை. ஐபிஏ மட்டுமே குடிப்பவருக்கு, டாக்ஃபிஷ் ஹெட், சியரா நெவாடா ஆகிய ஆலைகளுடன் இணைந்து ஷ்பீகலாவ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஐபிஏ கோப்பை மிகப் பொருத்தம். அதன் அடிப்பகுதி குறுகலாகவும் வரிவரியாகவும் இருக்கிறது. ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் பீர் அந்த வரிகளில் மோதித் திரும்பும்போது நுரை புதிதாக எழுகிறது.

கோதுமை பீர் விரும்புபவருக்கு அரை லிட்டர் பாட்டில் முழுவதையும் நுரையோடு ஏற்கும் உயரமான வைட்சன் கோப்பை. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கோல்ஷ் என்ற பீரை விரும்புபவருக்கு 200 மி.லி. மட்டுமே பிடிக்கும் மெல்லிய உருளைக் கோப்பை. இரண்டோ நான்கோ ஆகக் கொடுங்கள். தனியாக ஒன்று உடைந்தால் பரிசே போய்விடும்.

ஃப்ரீசரில் வைத்து உறையவைக்கும் கோப்பை, பீரில் போடும் குளிர்கல் இதெல்லாம் நல்லதுதானே?

கிராஃப்ட் பீர் பிரியருக்கு வேண்டாம். உறைந்த கோப்பையின் உட்சுவரில் படிந்த பனித்துகள்கள் பீர் பட்டதும் நுரையைக் கட்டுக்கடங்காமல் எழுப்புகின்றன. உருகி நீராகக் கலக்கவும் செய்கின்றன. அதைவிடப் பெரிய கேடு மணத்துக்கு. குளிர் மிகும்போது மணப்பொருள்கள் ஆவியாவது குறைகிறது, நாவும் மரத்துப்போகிறது. பில்ஸ்னர் என்ற வெளிர்நிற பீருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், ஐபிஏவுக்கு 7 முதல் 10, அடர்ந்த ஸ்டௌட்டுக்கு 10 முதல் 13 என்பது பொதுவான அளவு. சமையலறையில் பயன்படும் விரைவு வெப்பமானி ஒன்றை வாங்கிக் கொடுத்தால், அவர் தன் பீரைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்துகொள்வார்.

கேனுக்கு மாட்டும் உறை உண்மையிலேயே குளிர்ச்சியைக் காக்குமா, வெறும் விளம்பரமா?

காக்கிறது. கைச்சூட்டைத் தடுப்பது மட்டுமே அதன் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த கேனின்மேல் துளிகளாகப் படியும்போது வெளிவிடும் வெப்பமே பெரிய எதிரி. வாஷிங்டன் பல்கலைக்கழக வளிமண்டல அறிவியலாளர்கள் டேல் டரனும் டார்கன் ஃப்ரையர்சனும் இதைச் சோதித்து 2013-இல் எழுதினார்கள். கேன் முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு நீர் படிந்தாலே உள்ளிருக்கும் பானம் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் சூடேறும் என்பது அவர்கள் கணக்கு. உறை அந்த ஈரம் படிவதைத் தடுக்கிறது. புழுக்கமான ஹூஸ்டனிலோ ஃபுளோரிடாவிலோ இருப்பவருக்கு இது மிகப் பயனுள்ள பரிசு.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். 12 அவுன்ஸ் சாதாரணக் கேன், 12 அவுன்ஸ் ஒல்லிக் கேன், 16 அவுன்ஸ் உயரக் கேன் மூன்றுக்கும் உறை வேறு வேறு. கிராஃப்ட் ஆலைகளில் பல 16 அவுன்ஸுக்கு மாறிவிட்டன.

அலுவலகத்தில் பரிசுப் பரிமாற்றம், 20 டாலருக்குள் முடிக்க வேண்டும். என்ன வாங்கலாம்?

மேலே சொன்ன உறை ஒன்று. சுவரில் பொருத்தும் வார்ப்பிரும்புத் திறப்பான் இன்னொன்று. அதோடு மூடிகள் கீழே விழாமல் பிடிக்கும் காந்தமோ சிறு பெட்டியோ சேர்ந்திருந்தால் சிறப்பு. ஆனால் குளிர்பதனப் பெட்டியில் கேன்கள் மட்டுமே இருப்பவருக்குத் திறப்பான் எதற்கும் உதவாது.

அமெரிக்க வரைபட வடிவில் வெட்டிய, மூடிகளைச் செருகும் துளைகளுள்ள மரப்பலகையும் இந்த விலைக்குள் கிடைக்கும். அது பீருக்கு ஒன்றும் செய்யாது என்றாலும், பயணம் போகும் ஊரிலெல்லாம் பீர் தேடுபவருக்கு நினைவுக் குறிப்பாக இருக்கும். மூடிகள் சேர்க்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கிரௌலர் என்கிறார்களே, அது என்ன? எந்த வகை வாங்குவது?

ஆலையின் குழாயிலிருந்து நேரடியாக பீரை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவரும் குடுவைதான் கிரௌலர். வழக்கமான அளவு 64 அவுன்ஸ், அதாவது 1.9 லிட்டர், பாதி அளவிலும் கிடைக்கும். வீட்டுக்கு அருகில் ஆலையோ குழாய் பீர் விற்கும் கடையோ இருப்பவருக்கு மட்டுமே இது பயன்படும். வேறு ஆலையின் பெயர் பொறித்த குடுவையைச் சில இடங்களில் நிரப்பித் தர மாட்டார்கள். ஆகவே அவர் வழக்கமாகப் போகும் ஆலையின் குடுவையையே வாங்குவது பாதுகாப்பானது.

கண்ணாடி என்றால் பழுப்பு நிறம்தான் வேண்டும். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் உண்டாகிறது. நிறமற்ற கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் இதைத் தடுப்பதில்லை. இரட்டைச் சுவர் எஃகுக் குடுவை ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்துத் தடுக்கும், உடையாது. பூங்காவுக்கோ முகாமுக்கோ எடுத்துப்போகிறவருக்கு அதுவே சரி. எதுவானாலும், நிரப்பிய குடுவையை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்கக் கூடாது. அழுத்தம் ஏறினால் கண்ணாடி வெடிக்கக்கூடும். காரில் பின்பெட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும், ஏனெனில் பல மாநிலங்களில் திறந்த மதுக்கலன் பயணிகள் பகுதியில் இருப்பது குற்றம்.

திறக்காமல் குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும். திறந்துவிட்டால் மறுநாளுக்குள் குடித்துவிட வேண்டும். காலியானதும் வெந்நீரில் அலசி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும்; மூடி வைத்த ஈரக் குடுவையில் எழும் முடைநாற்றம் எளிதில் போகாது.

திறந்த கிரௌலர் ஒரே நாளில் வீணாகிவிடும் என்றால், அதைக் காக்க ஒரு கருவியும் இல்லையா?

இருக்கிறது. ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டின் கிரௌலர்வெர்க்ஸ் நிறுவனம் செய்யும் யூகெக் என்ற அழுத்தக் குடுவை அதற்கென்றே பிறந்தது. எஃகு உடல், முன்புறம் சிறு குழாய், அழுத்தமானி, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பக்கக் குழல் எல்லாம் உண்டு. மூடியில் ஒரு சிறிய கார்பன் டை ஆக்சைடு உருளை அமர்கிறது. பீர் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்றுக்குப் பதில் அந்த வாயு நிரப்புகிறது. பார்வைக்கும் அழகானது, மேசைமேல் வைத்தால் விருந்தினர்கள் அதைச் சுற்றி நிற்பார்கள்.

விலை நூறு டாலருக்கு மேல் போகும் என்பதால் பலர் சேர்ந்து கொடுக்கும் பரிசுக்கு ஏற்றது. உருளைகளையும் கூடவே வாங்கிக் கொடுங்கள், ஆனால் கவனத்தோடு: 64 அவுன்ஸ் வகைக்கு வேண்டிய 8 கிராம் உருளையைப் போலவே தோற்றமளிப்பது கிரீம் அடிக்கப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு உருளை, அது வேறு வாயு. காற்றுத் துப்பாக்கிக்கான கார்பன் டை ஆக்சைடு உருளையில் எண்ணெய் கலந்திருக்கலாம். பெட்டியில் "உணவுத் தரம்" என்ற பொருள்பட எழுதியிருப்பதையே வாங்க வேண்டும்.

ஒயினுக்கு உள்ள காற்று உறிஞ்சும் அடைப்பானை பீர் பாட்டிலுக்கும் போடலாமா?

கூடாது. வெற்றிடம் உண்டாக்கினால் பீரில் கரைந்திருக்கும் வாயுவும் வெளியே வந்துவிடும். பீர் சப்பென்று ஆகும். அழுத்தத்தைத் தாங்கும் ஷாம்பெயின் அடைப்பானே பெரிய பாட்டில்களுக்கு உரியது, அதுவும் ஓர் இரவுக்குத்தான்.

பீரை மெல்லிய நுரையோடு ஊற்றும் மின்கருவி விற்கிறார்களே, வேலை செய்கிறதா?

செய்கிறது. மீயொலி அதிர்வினால் கரைந்த வாயுவைச் சிறுசிறு குமிழ்களாக வெளிப்படுத்தி, கெட்டியான நுரையை உண்டாக்குவதே அதன் தத்துவம். கேனில் வரும் லாகர், கோதுமை பீர் போன்றவற்றில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆனால் நல்ல கோப்பையில், முதலில் சாய்த்தும் பிறகு நிமிர்த்தியும் ஊற்றத் தெரிந்தவருக்கு இந்தக் கருவி கூடுதலாகத் தருவது கொஞ்சமே. கருவிகளில் ஆர்வமுள்ள இளைஞருக்கு வாங்கலாம். கோப்பையே இல்லாதவருக்கு முதலில் கோப்பை வாங்குங்கள்.

வேடிக்கையாக, இதுவரை யாரும் கொடுக்காத ஒன்று வேண்டும். ஏதாவது உண்டா?

இரண்டு சொல்கிறேன், இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை. முதலாவது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கோல். ஜெர்மனியிலிருந்து வந்த வழக்கம் இது. நெருப்பில் செக்கச்செவேல் என்று காய்ந்த கோலை, மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) இனிப்பு நிறைந்த போக் வகை பீருக்குள் சில நொடிகள் அமிழ்த்துவார்கள். சீறிக்கொண்டு நுரை பொங்கும். பீரின் சர்க்கரை அந்தச் சூட்டில் கருகி, காய்ச்சிய வெல்லப்பாகின் மணம் எழும். மேலே வெதுவெதுப்பான நுரை, கீழே குளிர்ந்த பீர் என்று ஒரே வாயில் இரண்டும் கிடைக்கும். மினசோட்டாவின் நியூ உல்ம் ஊரில், 1860-இல் தொடங்கிய ஆகஸ்ட் ஷெல் ஆலை குளிர்காலத்தின் இறுதியில் நடத்தும் போக் விழாவில், பனிக்கு நடுவே தீ மூட்டி வருபவர்களின் பீரில் கோல் இறக்குகிறார்கள். இதற்கென்றே மரப்பிடி போட்ட துருப்பிடிக்காத எஃகுக் கோல்கள் விற்கப்படுகின்றன. கொல்லைப்புறத்தில் தீக்குழி வைத்திருப்பவருக்கு ஒரு கோலும் ஆறு போக் பாட்டில்களும் சேர்த்துக் கொடுத்தால் அந்த மாலை மறக்காது. கோல் கோப்பையைத் தொடக் கூடாது, கோப்பையை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. கசப்பான ஐபிஏவில் இது எடுபடாது.

இரண்டாவது, பீரில் மணம் ஏற்றும் கலன். டெலவேர் மாநிலத்து டாக்ஃபிஷ் ஹெட் ஆலை 2002-இல் ராண்டல் என்ற கருவியைச் செய்தது; குழாயிலிருந்து வரும் பீர், முழு ஹாப்ஸ் பூக்கள் அடைத்த உருளை வழியே பாய்ந்து கோப்பைக்கு வரும். வீட்டில் அதே இன்பத்தைப் பெற காப்பிக்குப் பயன்படும் பிரெஞ்சு பிரஸ் ஒன்றே போதும். பாதியளவு பீர் ஊற்றி, ஹாப்ஸோ முழுக் காப்பிக்கொட்டையோ ஆரஞ்சுத் தோலோ போட்டு, ஐந்து நிமிடம் குளிரில் வைத்து, வடிதட்டை மெதுவாக அழுத்தி ஊற்ற வேண்டும். காப்பிக்கு ஒருமுறைகூடப் பயன்படுத்தாத புதிய பிரஸ்ஸாக இருக்க வேண்டும். காப்பி எண்ணெய் ஒட்டியிருந்தால் நுரை அடங்கிவிடும். ஸ்டௌட்டில் நம் ஏலக்காயை இரண்டாகத் தட்டிப் போட்டுப் பாருங்கள், வறுத்த மால்ட்டோடு அது அருமையாகச் சேரும்.

வீட்டிலேயே பீர் காய்ச்சும் பெட்டி கொடுக்கலாமா? அது சட்டப்படி சரியா?

சரிதான். அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம், வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சி வரியிலிருந்து விடுவித்தது. ஒரு பெரியவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் என்பது வரம்பு, விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல் அனுமதித்தன.

முதன்முறையாகச் செய்பவருக்கு ஒரு காலன் பெட்டியே போதும். 3.8 லிட்டர் என்பதால் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சலாம். முடிவில் ஒன்பது பத்து பாட்டில் கிடைக்கும். 5 காலன் பெட்டிக்குப் பெரிய பாத்திரமும், கொதித்த கரைசலை விரைவாகக் குளிர்விக்கும் வசதியும், இடமும் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அது பரணுக்குத்தான் போகும். நொதிக்க இரண்டு வாரம், பாட்டிலில் வாயு சேர மேலும் இரண்டு வாரம் ஆகும் என்பதை வாழ்த்து அட்டையில் எழுதிவிடுங்கள். கொடுப்பதற்கு முன் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவருக்குச் சமைக்கப் பிடிக்குமா? குடிப்பதில் மட்டும் ஆர்வமுள்ளவர், பாத்திரங்களையும் குழாய்களையும் கிருமிநீக்கம் செய்துகொண்டு அரைநாள் நிற்க விரும்ப மாட்டார்.

என் தம்பி ஏற்கெனவே வீட்டில் காய்ச்சுகிறான். எல்லாம் வைத்திருக்கிறான். அவனுக்கு என்ன கொடுப்பது?

தீர்ந்துபோவதும் உடைவதும்தான் அவன் தேவை. அடர்த்திமானி கண்ணாடியால் ஆனது. காய்ச்சுபவர் எவரும் உதிரியாக இன்னொன்றை மறுக்க மாட்டார். தண்ணீரை 1.000 என்று கொண்டு, நொதிக்கும் முன் 1.050 காட்டிய கரைசல், நொதித்த பின் 1.010 காட்டினால், வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கி மதுவளவு ஏறத்தாழ 5.25 சதவீதம் என்று அறிவது அதைக் கொண்டுதான். கழுவத் தேவையில்லாத கிருமிநீக்கி ஒரு பெரிய பாட்டில், மூடி அழுத்தும் மேசைக் கருவி, நொதிகலனுக்குள் மிதந்தபடி அடர்த்தியையும் வெப்பத்தையும் கைப்பேசிக்கு அனுப்பும் மிதவை ஆகியவையும் நல்லவை.

ஒளிவிலகல்மானி வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சில துளிகளிலேயே சர்க்கரையளவு சொல்லும் அழகிய கருவி அது; ஆனால் நொதித்தல் தொடங்கிய பின் மதுவும் சேர்ந்து ஒளியை வளைப்பதால், திருத்தக் கணக்கு போடாமல் அதன் அளவீட்டை நம்ப முடியாது. ஆகவே அது அடர்த்திமானிக்குத் துணையாகுமே தவிர மாற்றாகாது.

பொத்தானை அழுத்தினால் தானே பீர் காய்ச்சும் இயந்திரம் வந்துவிட்டதே, அதை வாங்கினால் எல்லாத் தொல்லையும் தீருமே?

சியாட்டிலின் பிக்கோபுரூ நிறுவனத்தின் கதையைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சமையல்மேடையில் நிற்கும் அழகான இயந்திரங்கள் செய்தது. அவற்றின் சமையல்குறிப்புகள் இணையம் வழியே நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து வந்தன. 2020-இல் நிறுவனம் கடனில் வீழ்ந்தது. சேவையகம் இல்லாவிட்டால் தங்கள் இயந்திரம் என்னவாகும் என்று தவித்த உரிமையாளர்களில் சிலர், தாங்களே மாற்று மென்பொருள் எழுதி அவற்றை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே விலையுயர்ந்த எந்த பீர்க் கருவியானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இணையம் இல்லாமல் ஓடுமா? அந்த நிறுவனமே விற்கும் மூலப்பொருள் பொட்டலங்கள் இல்லாமல், கடையில் வாங்கிய மால்ட்டையும் ஹாப்ஸையும் கொண்டு இயங்குமா? வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் எளிய மின்கொதிகலன் இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும். அதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

குழாய் பொருத்திய பீர் குளிர்பெட்டியைத் திடீர்ப் பரிசாகக் கொடுத்தால்?

திடீரென்று வேண்டாம். இடம், மின்சாரம், வாயு உருளை நிரப்பும் கடை, குழாய்களை இரண்டு வாரத்துக்கொருமுறை கழுவும் பொறுமை எல்லாம் அவர் ஒப்புக்கொண்டாக வேண்டியவை. ஆறில் ஒரு பேரல் பிடிக்கும் கெக் (குழாயோடு இணைக்கும் பீர்க் கலன்) என்பதே சுமார் 19.5 லிட்டர்; வாரம் இரண்டு கோப்பை குடிப்பவர் அதை முடிப்பதற்குள் பீர் பழசாகிவிடும்.

கருவி எதற்கு, நல்ல பீராகவே வாங்கி ஊரிலிருக்கும் அண்ணனுக்குக் கொண்டுபோகிறேன். எப்படி?

அமெரிக்காவுக்குள் அஞ்சலில் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். அஞ்சல் துறை மதுவை ஏற்பதில்லை, யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து மட்டுமே வாங்கிக்கொள்ளும். விமானத்தில், 24 சதவீதத்துக்கு மேற்படாத மது என்பதால் பீரைச் சரக்கறைக்குப் போகும் பதிவுப் பெட்டியில் வைக்க அமெரிக்கப் பாதுகாப்பு விதி அளவு வரம்பு வைக்கவில்லை. ஆனால் இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மதுதான். 16 அவுன்ஸ் கேன் நான்கு கொண்ட ஒரு கட்டு 1.89 லிட்டர், கச்சிதமாக அதற்குள் அடங்கும். காற்றடைத்த உறைகளில் போட்டு, துணிகளின் நடுவில் வையுங்கள்.

கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ஐபிஏவின் ஹாப்ஸ் மணம் மாதக்கணக்கில் நிற்காது. புதிதாக அடைத்ததைத் தேடுங்கள். ஆண்டுக்கணக்கில் வைத்துக் குடிக்க வேண்டுமென்றால் பார்லிவைன், இம்பீரியல் ஸ்டௌட் போன்ற, மதுவளவு மிகுந்த அடர்ந்த பீர் வகைகளே தாங்கும். சியரா நெவாடாவின் பிக்ஃபுட் பார்லிவைன் 1983-இலிருந்து வருகிறது. ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்து, பல ஆண்டுப் பாட்டில்களை ஒரே மாலையில் வரிசையாகச் சுவைப்பவர்கள் உண்டு. நிமிர்த்தி, இருட்டில், குளிரில் வைக்க வேண்டும். ஒளி என்ன செய்யும் என்பதை கிரௌலர் பதிலில் பாருங்கள்.

மருத்துவர் சொல்லி அப்பா மதுவை நிறுத்திவிட்டார். ஆனால் பீர் சுவையை அவ்வளவு விரும்பியவர். ஏதாவது கொடுக்கலாமா?

மதுவற்ற கிராஃப்ட் பீர் இப்போது மதிக்கத்தக்க தரத்தில் வருகிறது; 2017-இல் தொடங்கிய கனெக்டிகட்டின் அத்லெட்டிக் புரூயிங் அதை மட்டுமே செய்கிறது. அமெரிக்காவில் 0.5 சதவீதத்துக்குக் குறைவாக மது இருந்தாலே அப்படி அழைக்கலாம் என்பதால், ஒரு துளியும் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் 0.0 என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள், அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. நிறுத்துவதற்குப் போராடி மீண்டவர் என்றால், பீரை நினைவூட்டும் எந்தப் பொருளையும் அவராகக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

எந்தப் பொருளும் வேண்டாம், வீட்டில் இடமில்லை என்கிறாரே?

அப்படியானால் அறிவைக் கொடுங்கள். ரே டேனியல்ஸ் தொடங்கி 2008 முதல் நடந்துவரும், பீர் பற்றிய தேர்ச்சிக்குச் சான்று தரும் சிசரோன் தேர்வின் முதல் படியை இணையத்திலேயே எழுதலாம். கட்டணத்தை நீங்கள் கட்டிவிடுங்கள். கொலராடோவில் 1982-இல் பிறந்து டென்வரில் நடந்துவரும் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலுக்கு நுழைவுச்சீட்டும் பெரிய பரிசுதான்.

நீங்கள் சொன்னபடியே விலையுயர்ந்த கோப்பை வாங்கிக் கொடுத்தேன். நுரை நிற்கவே இல்லை என்கிறார். கோப்பையில் குறையா?

பெரும்பாலும் கழுவியதில்தான் குறை. எண்ணெய்ப் பசையும் சோப்பு மிச்சமும் நுரையைக் கொல்லும். கழுவும் இயந்திரத்தில் ஊற்றும் பளபளப்புத் திரவமும் ஒரு படலத்தை விட்டுச்செல்கிறது. பீர் ஊற்றியதும் கோப்பையின் பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று பொருள். அடியின் நடுவிலிருந்து மட்டும் குமிழ் கோடாக எழுந்தால் கவலை வேண்டாம். பல கோப்பைகளில் அதற்கென்றே லேசரால் கீறி வைத்திருப்பார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கோப்பையின் உட்புறத்தை நீரால் நனைத்து, உப்பைத் தூவிச் சுழற்றுங்கள். எண்ணெய் உள்ள இடத்தில் மட்டும் உப்பு ஒட்டாது. மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவத்தில், பால் பாத்திரம் தேய்க்காத தனிப் பஞ்சால் கழுவி, வெந்நீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்து உலரவிடச் சொல்லுங்கள். ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால் போதும். சுத்தமான கோப்பையில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நுரை வளையம் சுவரில் படிந்து நிற்கும். அது தெரிந்தால் கோப்பை சரியாக இருக்கிறது. அப்போதும் நுரை எழாவிட்டால், முன்னே சொன்ன வெப்பநிலையையும் கேனின் தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள்.